சனிக்கிழமைப் படிப்பு

ஐம்பத்தொன்பதாவது வயதில், ஒரு திங்கட்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது, ஜோக்கிம் சில்வேரா ஒரு முடிவுக்கு வந்தார். இனி இந்த உடம்பு இன்னொருவன் பலகைக்குக் கீழே வேலை செய்யாது. வாய் நிறைய நுரையோடு சமையலறைக்கு வந்து அதை மனைவிக்கு அறிவித்தார்.

"என்ன சொல்றீங்கன்னு புரியல. துப்பிட்டு வந்து சொல்லுங்க," என்றாள் லூர்தெஸ்.

துப்பிவிட்டு வந்தார். "நான் புரோக்கர் ஆகப் போறேன்."

"இப்ப என்னவா இருக்கீங்களாம்?"

"விற்பனையாளர்."

"இருபத்து நாலு வருஷமா ஊரெல்லாம் புரோக்கர்னுதானே சொல்லிக்கிட்டுத் திரியறீங்க?"

"அது ஊருக்கு. சர்க்கார் லைசென்ஸ்ல நான் வெறும் விற்பனையாளர்தான்."

அதுதான் உண்மை. கலிஃபோர்னியாவில் வீடு விற்கிறவர்கள் இரண்டு வகை. புரோக்கர் லைசென்ஸ் வைத்திருப்பவர் ராஜா. விற்கிற வீட்டின் முன்னால் நடுகிற பலகையில் அவர் பெயர் தெருக்கோடி வரை தெரியும். விற்பனையாளர் லைசென்ஸ் வைத்திருப்பவர் அந்த ராஜாவின் கீழே வேலை பார்க்க வேண்டும். அவர் பெயரும் அதே பலகையில் இருக்கும், அடியில், நாய் கால் தூக்குகிற உயரத்தில். டர்லாக் ஊரின் எல்லாத் தெருவிலும் ஜோக்கிமின் பெயர் அந்த உயரத்தில்தான் இருபத்து நாலு வருஷமாக நின்றது.

"பரீட்சை உண்டா?" என்று கேட்டாள் லூர்தெஸ்.

"இருநூறு கேள்வி. அதுக்கு முன்னாடி கல்லூரியில எட்டுப் பாடம். சனிக்கிழமை சனிக்கிழமை, காலையில ஒன்பதுலேருந்து சாயங்காலம் நாலு வரைக்கும்."

"போன வாரம் ரொட்டி வாங்கிட்டு வாங்கன்னு ஒரே ஒரு விஷயம் சொல்லி அனுப்பிச்சேன். தக்காளி வாங்கிட்டு வந்தீங்க."

"அது வேற மூளை. இது வேற மூளை."

"ரெண்டு இருக்கா? சந்தோஷம். வீடு விக்கலன்னா சூசையப்பர் சுரூபத்தைத் தலைகீழா மண்ணுல பொதைக்கிறீங்களே, அந்தப் பாடமும் கல்லூரியில நடத்துவாங்களா?"

"எல்லாப் புரோக்கரும்தான் பொதைக்கிறான்."

"எல்லாரும் ஞாயித்துக்கிழமை அவர் முன்னாடியே முழங்கால் போடறாங்களா? நாப்பது வீட்டுத் தோட்டத்துல அந்த மனுஷன் மண்ணுக்குள்ள தலைகீழா நிக்கிறார். மோட்சத்துல முதல்ல உங்களத்தான் விசாரிப்பார்."

ஆனால் இத்தனை பேசினவள், போக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜோக்கிமுக்கே அது கொஞ்சம் அதிசயமாக இருந்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்துவிட்டு வருகிறவள், சனி ஒரு நாள்தான் முழுசாக வீட்டில் இருப்பாள். அந்த நாளில் புருஷன் வீட்டில் இருக்க மாட்டேன் என்றால் எரிச்சல் வர வேண்டாமா? "போய்ட்டு வாங்க. மதியச் சாப்பாடு கட்டித் தர்றேன். அவசரப்பட்டு ஓடி வராதீங்க," என்றாள்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஜோக்கிமுக்குப் பலகைமேல் அவ்வளவொன்றும் ஆசை கிடையாது. அவர் கண் வைத்திருந்தது ஒரு கதவின்மேல்.

அவர்கள் வீட்டில் படுக்கையறை இரண்டு. ஒன்று அவர்களுடையது. இன்னொன்று மகன் நெல்சனுடையது. பால் பண்ணையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த பையன், இருபத்து மூன்று வயது, ஒரு பிப்ரவரி ராத்திரி தூங்கப் போனான். காலையில் எழுப்பப் போன லூர்தெஸ்தான் முதலில் பார்த்தாள். இதயத்தில் பிறவியிலேயே ஏதோ கோளாறாம், டாக்டர் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். ஊரைச் சுற்றிப் பாதாம் தோப்பெல்லாம் பூத்திருந்த வாரத்தில் அடக்கம் நடந்தது. திரும்பி வந்ததும் லூர்தெஸ் அந்த அறையைப் பூட்டிச் சாவியைக் கம்பளிச் சட்டைப் பையில் போட்டாள். இரண்டரை வருஷம் ஆயிற்று. பூட்டாதே என்று அவரும் சொல்லவில்லை, திறக்கட்டுமா என்று அவளும் கேட்கவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், செத்தவர்களின் அறையைக் காலி செய்ய வைப்பதில் அந்த ஊரிலேயே கெட்டிக்காரர் ஜோக்கிம்தான். புருஷனை இழந்தவர், பெற்றவரை இழந்தவர் என்று வீட்டை விற்க வருகிற எல்லோருக்கும் அவர் ஒரே மந்திரத்தைத்தான் சொல்வார்: "உங்க வீட்டை யாரும் வாங்க மாட்டாங்கம்மா. ஆள் வாழாத வீட்டைத்தான் வாங்குவாங்க. போட்டோவை எடுங்க. மருந்து டப்பாவை எடுங்க. ஆணி அடிச்ச ஓட்டையை அடைங்க. ஒரு ரூம்ல மேஜை நாற்காலி போட்டு ஆபீஸ் மாதிரி காட்டுங்க, பிடிக்கும்." அவர்கள் அழுவார்கள். அதற்கென்றே காரின் முன்சீட்டில் ஒரு பெட்டி காகிதக் கைக்குட்டை வைத்திருப்பார். தன் வீட்டிலோ, அந்தக் கதவைத் தாண்ட வேண்டுமே என்று கார் ஷெட் வழியாகச் சுற்றிப் போய்க் குளிப்பார்.

ஒரே ஒரு தடவை தைரியமாகப் பேச்சை எடுத்தார். "லூர்து, அந்த ரூம்ல கொஞ்சம் காத்து வரட்டுமே."

"ரொட்டி கருகுது," என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள். அன்றைக்கு அடுப்பில் ரொட்டியே இல்லை.

பாவம், அவளால் தாங்க முடியவில்லை என்று ஜோக்கிம் தீர்மானித்தார். நேரடியாகக் கேட்டால் நடக்காது, தந்திரம்தான் வழி. அப்போதுதான் புரோக்கர்களுக்கான விதி ஒன்று கண்ணில் பட்டது. புரோக்கர் என்றால் நிலையான அலுவலகம் ஒன்று இருந்தே தீர வேண்டும், சொந்த வீட்டில் இருந்தாலும் சரி. சட்டம் கேட்கிறது, நான் என்ன செய்ய என்று கையை விரிக்கலாம். இரண்டு பேரும் சேர்ந்து கதவைத் திறக்கலாம். அவன் கட்டிலில் உட்கார்ந்து ஆசை தீர அழலாம். அவள் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, அவர் சட்டைகளை மடிக்கலாம். எந்தச் சட்டையைத் தனக்கு வைத்துக்கொள்வது என்பது வரை யோசித்து வைத்திருந்தார். இதற்காகத்தான் இருநூறு கேள்வி.

வகுப்பில் இவர்தான் மூத்தவர். முதல் நாள் உள்ளே நுழைந்ததும் நாலைந்து பேர் வாத்தியார் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். எழுந்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். அடமானம், வில்லங்கம், வாடிக்கையாளர் பணக் கணக்கு என்று வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதினார். எழுதினது அவருக்கே படிக்க வரவில்லை.

வார நாட்களில் சாப்பாட்டுக்குப் பிறகு லூர்தெஸ் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பாள். தானாகவே முன்வந்து கேட்டாள்.

"முடிஞ்ச விற்பனையோட ஃபைலைப் புரோக்கர் எத்தனை வருஷம் பத்திரமா வச்சிருக்கணும்?"

"மூணு."

"நாலு."

"மூணுன்னுதான் வாத்தியார் சொன்னார்."

"நாலுன்னு அச்சுல போட்டிருக்கு."

"நல்லாப் பாரு, லூர்து."

"புக்கு என் கையில இருக்கா, உங்க கையில இருக்கா?"

"உன் கையில."

"அப்ப நாலு."

நாலு என்று மனப்பாடம் செய்தார்.

ஜனவரியில் ஒரு நாள், உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். "விக்கிற வீட்டுல ஒரு சாவு நடந்திருந்தா..." என்று படிக்க ஆரம்பித்தவள், நின்றாள். மறுபடி முதலிலிருந்து, அதே குரலில், முழுசாகப் படித்து முடித்தாள். "விக்கிற வீட்டுல ஒரு சாவு நடந்திருந்தா, வாங்க வர்றவங்ககிட்ட அதைச் சொல்லணுமா?"

ஜோக்கிம் மேஜைத் துணியின் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மூணு வருஷத்துக்குள்ளன்னா சொல்லணும்."

"மேல ஆயிடுச்சுன்னா?"

"சொல்ல வேண்டியதில்ல."

"அவங்களாவே கேட்டா?"

"கேட்டா பொய் சொல்லக் கூடாது."

"சரியான விடை," என்றாள். பென்சிலால் ஒரு குறி போட்டுவிட்டு, புத்தகத்தை மூடி, மீதி உருளைக்கிழங்கை உரித்தாள். அன்றைக்கு வேறு கேள்வி கேட்கவில்லை. இவளைப் போய் இப்படிச் சோதித்துவிட்டேனே என்று ஜோக்கிம் தன்னையே நொந்துகொண்டார்.

மார்ச்சில் ஃப்ரெஸ்னோவுக்குப் போய்ப் பரீட்சை எழுதினார். ஒரே ஒரு கேள்வியில் தோற்றார்.

"ஒண்ணுதானே," என்றாள் லூர்தெஸ், ஏதோ ரொட்டித் துண்டு கீழே விழுந்த மாதிரி. "இன்னும் கொஞ்சம் சனிக்கிழமை படிச்சா வந்துடும். மறுபடி சேருங்க."

சேர்ந்தார். இரண்டாவது தடவை தேறினார். மே மாதம் லைசென்ஸ் தபாலில் வந்தது. உறையைக் கிழித்து, தன் பெயரை மூன்று தடவை படித்துவிட்டு மேஜைமேல் வைத்தார். மறுநாள் பார்த்தால் காணோம். எங்கே வைத்தோம் என்று நாலு நாள் தேடினார். இந்த லட்சணத்தில் புரோக்கரா என்று லூர்தெஸ் திட்டுவாளே என்று அதை அவளிடம் சொல்லவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், அவள் லிங்குயிசா என்கிற போர்த்துக்கீசியத் தொத்திறைச்சியை வறுத்துத் தட்டில் போட்டு வைத்தாள். ஜோக்கிம் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். மூன்று வாரமாவது மன்றாட வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டு, பேச்சை மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

"லூர்து, ஒரு சட்டச் சிக்கல்."

"அதுக்குள்ள யாரை ஏமாத்துனீங்க?"

"புரோக்கருக்கு நிலையான ஆபீஸ் ஒண்ணு இருக்கணுங்குது சட்டம்."

"இருந்துட்டுப் போகட்டும்."

"வாடகைக்கு எடுத்தா கட்டுப்படி ஆகாது. வீட்லயே போடலாமாம்."

"கார் ஷெட்ல போடுங்க."

"மழை பெஞ்சா?"

"டர்லாக்லயா?"

"தூசி இருக்கே. ஃபைலுக்கு ஆகாது."

"சரி, இந்த மேஜையில போடுங்க. நான் கிழங்கு உரிக்கிற நேரம் போக மீதி நேரம் உங்களுக்கு."

"ஒத்துக்க மாட்டாங்க. கதவு வச்ச இடமா வேணும்."

"கதவு வேணும்னு சட்டத்துல இருக்கா?"

"இருக்கு," என்றார். லைசென்ஸ் வந்து ஐந்தே நாளில் புரோக்கர் சில்வேரா சொன்ன முதல் பொய் அது.

லூர்தெஸ் கையைத் துடைத்துக்கொண்டாள். கம்பளிச் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "சட்டம் சொன்னா கேட்டுத்தானே ஆகணும்."

அவ்வளவுதான். மனப்பாடம் செய்த பேச்சு முழுவதும் வாய்க்குள்ளேயே மிச்சமாகிவிட்டது. "நீயும் வாயேன், லூர்து," என்றார்.

"பாத்திரம் கெடக்கு. நீங்க போங்க."

போனார். வெகுநாள் கழித்து அந்த நடையில் நடந்தார். சாவியைப் போட்டதும் பூட்டு சட்டென்று திறந்துகொண்டது. யாரோ எண்ணெய் விட்டிருந்தார்கள்.

உள்ளே வெயில் அடித்தது. சுவரெல்லாம் புது வெள்ளைப் பெயிண்ட். ஜன்னலோரம் ஒரு மேஜை, அதற்குப் பின்னால் உருளைச் சக்கரம் வைத்த நாற்காலி ஒன்று, எதிரே சாதா நாற்காலி இரண்டு. மேஜைமேல் ஒரு பெட்டி காகிதக் கைக்குட்டை. சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், அவர் நாலு நாளாகத் தேடின லைசென்ஸ். கட்டில் இல்லை. மாட்டுச் சாணம் ஒட்டின பூட்ஸ் இல்லை. அலமாரியைத் திறந்தார், சட்டை மாட்டுகிற கம்பிகூட இல்லை. சுவரில் ஆணி ஓட்டை இருந்த இடங்களைக் கையால் தடவினார். எல்லா ஓட்டையும் வழுவழுவென்று அடைபட்டிருந்தது. மூச்சை இழுத்துப் பார்த்தார். பெயிண்ட் வாசனைதான் வந்தது. பையனின் வாசனையில் ஒரு பொட்டுக்கூட மிச்சமில்லை.

"லூர்தெஸ்!" என்று கத்தினார். அந்த வீட்டில் யாரும் கத்தி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அவள் துணியால் கையைத் துடைத்தபடி வந்து வாசற்படியில் நின்றாள்.

"எங்க எல்லாம்?"

"குடுத்துட்டேன்."

"எப்ப?"

"சனிக்கிழமை."

"எந்தச் சனிக்கிழமை?"

"எல்லாச் சனிக்கிழமையும். நீங்க அங்க படிச்சீங்க, நான் இங்க படிச்சேன்." அவள் குரல் உயரவில்லை. "முதல் சனிக்கிழமை கதவைத் திறந்து கட்டில்ல உக்காந்துட்டு, அப்படியே பூட்டிட்டு வந்துட்டேன். ரெண்டாவது சனிக்கிழமை சாக்ஸ். மூணாவது சனிக்கிழமையும் சாக்ஸ். அந்தப் பய ஒரு சாக்ஸுக்காவது ஜோடி வச்சிருந்தானா? ஒண்ணுக்குக்கூட ஜோடி கிடையாது."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல?" ஜோக்கிமின் குரல் உடைந்தது. "சேர்ந்து செய்யணும்னுதான்டி நான் இத்தனையும் பண்ணேன்."

"தெரியும். கூப்பிட்டா நீங்க ஒவ்வொரு சட்டையா மூஞ்சில வச்சுக்கிட்டு உக்காருவீங்க. நான் உங்களத் தேத்தணும். அப்புறம் நான் எப்ப அழறது, சொல்லுங்க? எனக்கு அவன்கிட்ட தனியா அழ வேண்டியிருந்தது."

அவள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்க முடியாது. தாங்க முடியாதவள் அவள் என்று நினைத்து அவர் தந்திரம் பண்ணிக்கொண்டிருந்தார். தாங்க முடியாதவர் யார் என்று அவளுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது.

"முதல் பரீட்சையில ஒரு கேள்வியில தோத்தீங்களே," என்றாள்.

"ஆமா."

"ஃபைலை மூணு வருஷம்தான் வச்சிருக்கணும். புக்குல சரியாத்தான் போட்டிருந்துச்சு."

சமையலறை மேஜையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு நாலு என்று அவள் சாதித்தது ஜோக்கிமுக்கு ஞாபகம் வந்தது.

"எனக்கு அலமாரி பாக்கி இருந்துச்சு. பெயிண்ட் வேற அடிக்கணும். நீங்க பாட்டுக்கு மார்ச்சுலயே பாஸாகி வந்து நின்னா நான் என்ன பண்றது? உக்காருங்க."

சக்கரம் வைத்த நாற்காலியைக் காட்டினாள். உட்கார்ந்தார். அவள் எதிரே இருந்த நாற்காலியில், மடியில் கை கோத்து, முதுகு சாயாமல் உட்கார்ந்தாள். விற்க வருகிறவர்கள் இப்படித்தான் உட்காருவார்கள் என்பது ஜோக்கிமுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

"வீட்டை விக்கணும்," என்றாள் லூர்தெஸ்.

"எந்த வீட்டை?"

"இந்த வீட்டை."

"லூர்து, இப்பத்தானே இங்க ஆபீஸ்..."

"ஆபீஸ் உங்களுக்கா? ஒரு ரூம்ல மேஜை நாற்காலி போட்டுக் காட்டினா வாங்கறவங்களுக்குப் பிடிக்கும்னு இருபத்து நாலு வருஷமா யார் சொல்லிட்டிருக்கிறது? பிப்ரவரியோட மூணு வருஷம் முடிஞ்சுடுச்சு. நாம யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேண்டியதில்ல. கேட்டா சொல்லுவோம். பேரும் சேத்துச் சொல்லுவோம்."

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமே. எதுக்கு இந்தப் பரீட்சை, லைசென்ஸ் எல்லாம்?"

"ஏன், வீட்லயே புரோக்கர் இருக்கும்போது உங்க மொதலாளிக்குக் கமிஷன் குடுக்கவா?"

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றார். அவர் குரலில் அவருக்கே நம்பிக்கை இல்லை.

"ஒரு பெட்டி எடுத்து வச்சிருக்கேன்," என்றாள்.

ஜோக்கிம் நிமிர்ந்தார். "என்ன பெட்டி?"

"நீங்க எதைத் தேடுவீங்கன்னு எனக்குத் தெரியாதா? பச்சைக் கட்டம் போட்ட சட்டை. துவைக்கல."

"எங்க இருக்கு?"

"சொல்ல மாட்டேன். புது வீட்டுக்கு வந்தா தர்றேன்."

மேஜை இழுப்பறையைத் திறந்தார். விற்பனை ஒப்பந்தப் படிவம் தயாராக இருந்தது, பக்கத்திலேயே பேனாவும். விற்பவர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரையும் அவள் பெயரையும் எழுதினார். புரோக்கர் பெயர் என்ற இடத்தில் மறுபடி தன் பெயரை எழுதினார். படுக்கையறை எத்தனை என்ற கட்டத்தில் வந்து பேனா நின்றது. வெகு நேரம் கழித்து, இரண்டு என்று போட்டார்.

"புது வீடு எப்படி வேணும்?" என்று கேட்டார், படிவத்தைப் பார்த்துக்கொண்டே.

"ஒரே ஒரு ரூம் இருக்கிற வீடா பாருங்க. ரெண்டு இருந்தா நாம ஒண்ணைப் பூட்டிடுவோம்."

அதற்கு மேல் ஜோக்கிமால் முடியவில்லை. பேனாவை வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, அந்தச் சக்கரம் வைத்த நாற்காலியிலேயே குலுங்கிக் குலுங்கி அழுதார். நாற்காலியும் அவரோடு சேர்ந்து முன்னும் பின்னுமாக உருண்டது. லூர்தெஸ் கொஞ்ச நேரம் அவரை அழ விட்டாள். பிறகு காகிதக் கைக்குட்டைப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியைத் தட்டிக் காட்டினாள்.

"எழுந்து இந்தப் பக்கம் வந்து அழுங்க," என்றாள், மூக்கை உறிஞ்சியபடி. "அந்தப் பக்கம் உக்காந்து புரோக்கர் அழுதா விலை எறங்கிடும்."